அத்தைக்கு வைத்த கரண்ட்

ஊருக்குக் கரண்ட் வந்த நாளைப் பற்றிக் கேட்டால் நம் வயதுக்காரர்கள் யாரும் சும்மா இருக்க மாட்டோம். ஆளுக்கொரு கதையை அவிழ்த்து விடுவோம். பல்பை வாயால் ஊதி அணைக்கப் பார்த்த பெரியப்பா, சுவிட்சுக்குக் கற்பூரம் காட்டிய சின்னம்மா, எல்லாம் கேட்டாயிற்று. என் கதையையும் கேளுங்கள். எங்கள் ஊரில் கம்பம் நடுவதற்கு முன்பே என் அத்தைக்குக் கரண்ட் வந்துவிட்டது.

சிரிக்காதீர்கள், போன வருடம் எனக்கும் வந்தது. இடது மார்பில் கட்டி, ஆபரேஷன், அதற்கப்புறம் தினமும் ஒரு பெரிய மெஷினுக்கு அடியில் படுக்கை. அங்கே வேலை பார்க்கிற சின்னப் பெண் 'ரேடியேஷன்' என்று அழகாகச் சொன்னாள். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பண்ருட்டிக்கார அம்மாளோ, "உனக்கு எத்தினி கரண்ட்டும்மா? எனக்கு இருவது முடிஞ்சிது" என்று விசாரித்தாள். அறுபது வருடம் ஆகியும் அந்த வார்த்தை அப்படியே இருக்கிறது! எனக்கு அந்த இடத்திலேயே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "என்னாம்மா சிரிக்கிற?" என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவளுக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

கிள்ளை ஸ்டேஷனுக்குக் கிழக்கே மணலில் ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் குப்பம். அப்போது எனக்கு ஒன்பது வயது. அத்தை அப்பாவுக்கு மூத்தவள், அடுத்த வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதனால் நான் தின்றது பாதி, தூங்கியது முக்கால்வாசி அவள் வீட்டில்தான். அம்மாவும் அத்தையும் சேர்ந்துதான் சிதம்பரத்துக்கு மீன் கொண்டு போவார்கள். காலையில் கரைக்கு வருகிற மீனை அள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஸ்டேஷன், அங்கிருந்து பாசஞ்சர் வண்டி, சிதம்பரத்தில் இறங்கியதும் மார்க்கெட், மார்க்கெட்டில் மிஞ்சினால் தெருத் தெருவாக.

மீன் கூடையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நிறைந்த கூடையைத் தானாகத் தலைக்கு ஏற்றிக்கொள்ளும் பெண்கள் அபூர்வம். இன்னொருத்தி எதிரில் நின்று ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இறக்கி ஏற்றுகிற கூடை என்பதால் மீன்காரிக்கு ஜோடி இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. அம்மா கூடையை அத்தை தூக்கிவிடுவாள். அத்தை கூடையை யாரும் தொட வேண்டாம். கூடையை முழங்காலில் ஏற்றி, அங்கிருந்து 'ஹும்' என்று ஒரே மூச்சில் சும்மாட்டின் மேல் உட்கார வைத்துவிடுவாள். அதைப் பார்க்கவே நான் வாசலில் நிற்பேன். மீன் தண்ணீர் காதோரம் வழிய, ஒரு கையை வீசிக்கொண்டு அவள் நடக்கிற நடையைக் கண்டால் ஆம்பிளைகள் கூட ஒதுங்கி வழிவிடுவார்கள்.

அந்த அத்தைக்குத்தான் குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. எங்கள் ஊரில் வயிற்றுவலி வந்தாலே ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாளுக்கு மஞ்சத்துணியில் காசு முடிந்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், பேசவே காசு கேட்கிற மனுஷன். ஆனால் மறுநாளே அத்தையைக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார். அங்கே டாக்டரம்மா சீட்டு எழுதி மெட்ராசுக்கு அனுப்பினார். மூன்று மாதம் இரண்டு பேரும் ஊரில் இல்லை.

நோயின் பேரை யாரும் வாயால் சொல்லவில்லை. 'அந்த நோவு' என்பார்கள், உடனே எச்சில் துப்புவார்கள். என் அப்பா மனசுக்குள் அக்காவுக்குக் கருமாதியே முடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். கஞ்சி குடிக்கும்போது திடீரென்று அழுவார். அம்மா வயிற்றில் என் தம்பி இருந்தான். அவளைப் பார்த்து, "புள்ள பொறந்தா அக்கா பேரத்தான் வெக்கணும்" என்பார். ஆண்பிள்ளை பிறந்தால் என்ன செய்வதென்று அவர் யோசிக்கவில்லை.

பொங்கல் கழித்து ஒரே வாரத்தில் இரண்டு அதிசயங்கள் நடந்தன. முதலாவது, கம்பங்கள் வந்தன. இரும்புக் கம்பங்களைச் சுமந்துகொண்டு மாட்டு வண்டிகள் மணலில் அச்சு வரைக்கும் புதைந்து புதைந்து வந்தன. நாங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் பின்னாலேயே ஓடினோம். குழி தோண்டுகிற ஆட்களுக்குக் கேட்காமலே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தோம். நட்ட கம்பத்தில் காதை வைத்து, "வருது, வருது" என்று கத்தினோம். கம்பி கூட இழுக்காத கம்பத்தில் எங்களுக்கு என்ன கேட்டதோ தெரியாது. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் சாமி கிள்ளைக் கடற்கரைக்கு வருவார் இல்லையா, அதற்குள் எங்கள் குப்பத்தில் விளக்கு எரியும் என்று கரண்ட் ஆபீசர் வாக்குக் கொடுத்திருந்தார்.

இரண்டாவது, அத்தை வந்துவிட்டாள்! ரயிலை விட்டு இறங்கி, உச்சி வெயிலில் மாமாவுக்கு முன்னால் நடந்தே வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். தொளதொளவென்று ஒரு ரவிக்கை. இடது கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தாள். நான் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவள் மேல் மீன் வாசனை இல்லை, டெட்டால் வாசனை அடித்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் விடவில்லை.

"அத்த, உன்ன என்னா பண்ணாங்க?"

"அறுத்து எடுத்துட்டாங்க பாப்பா. அப்பறம் இருவத்தஞ்சு நாளு கரண்ட் வெச்சாங்க."

"கரண்ட்டா? எங்க வெச்சாங்க?"

முந்தானையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். கழுத்துக்குக் கீழே ஊதா மையில் கோடு போட்டிருந்தது. கோட்டுக்குள் தோல் கருத்துக் கிடந்தது. "இந்தக் கோட்டுக்குள்ள. பெரிய மிசினு, நம்ம வூட்டவுட பெருசு. என்ன படுக்க வெச்சிட்டு டாக்டரு நர்சு எல்லாரும் வெளிய போயி கதவ சாத்திக்குவாங்க. கொர்ருன்னு ஒரு சத்தம் வரும். அவ்ளோதான்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரே கரண்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது, என் அத்தை உடம்பிலேயே கொண்டு வந்துவிட்டாள்! அதுவும் டாக்டர்களே கதவைச் சாத்திக்கொண்டு ஓடுகிற அளவுக்கு!

அப்பா வந்து நாலு முழம் தள்ளியே உட்கார்ந்தார். தண்ணீருக்குத் தனி லோட்டா வைக்கச் சொல்லி அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினார். எனக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. "அக்கா, ஒடம்ப பாத்துக்க. இனிமே கூட கீட தூக்கற வேல வேணாம்" என்றார்.

அத்தை அந்த லோட்டாவையும் பார்த்தாள், அப்பாவையும் பார்த்தாள். "தூக்காம? மகம் முடிஞ்ச மறுநாளு சிதம்பரத்துல கூடையோட நிப்பேன் பாரு, தம்பி" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் லட்சியம். ஆனால் கை தோளுக்கு மேல் ஏறவில்லை. அறுத்த இடம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. மெட்ராசில் ஒரு மலையாளத்து நர்சம்மா அவளுக்கு வழி சொல்லி அனுப்பியிருந்தாள். சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். விரல்களைச் சுவரில் எறும்பு ஊர்கிற மாதிரி மேலே ஏற்ற வேண்டும். எதுவரை போகிறதோ அங்கே ஒரு கோடு. மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும்.

கோடு போடுகிற வேலை எனக்கு. அடுப்புக்கரித் துண்டை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் விட்டதும் ஓடுவேன். அத்தை முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு விரலை ஏற்றுவாள். நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கும். "இன்னும் கொஞ்சம் அத்த, இன்னும் கொஞ்சம்" என்று நான் பக்கத்தில் நின்று குதிப்பேன். முதல் நாள் கோடு என் காது உயரத்தில் இருந்தது. பத்து நாளில் என் உச்சந்தலையைத் தாண்டிவிட்டது. கட்டுமரப் போட்டியில் நம் ஆள் முந்துகிற மாதிரி இருக்கும் எனக்கு! எட்டிப் பார்த்த தெருக்காரிகளுக்கு வேறு மாதிரி இருந்திருக்கிறது. நல்லா இருந்தவ சுவத்தோட பேசறா, மெட்ராசுல என்னத்த வெச்சி அனுப்பினாங்களோ என்று பேசிக்கொண்டார்கள்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். அறுபது வருடமாக இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை, ஒருத்தியைத் தவிர.

என் கூட்டாளி ஒருத்தி இருந்தாள். எதைச் சொன்னாலும் நம்பாதவள். என் அத்தை உடம்பில் கரண்ட் இருக்கிறது என்று நான் பீற்றிக்கொண்டதும், "அப்ப பல்ப வெச்சா எரியணும். வெச்சி காட்டு" என்று சொல்லிவிட்டாள். நியாயமான பேச்சு. மாமாவிடம் இரண்டு பேட்டரிக் கட்டை போடுகிற டார்ச் ஒன்று இருந்தது. மூடியைத் திருகினால் கடுகு மாதிரி ஒரு பல்பு கையில் விழும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாமா கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். அத்தை பாயில் படுத்து, கண்ணை மூடியிருந்தாள். நான் பூனை மாதிரி போய் டார்ச்சைத் திருகி பல்பை எடுத்தேன். அத்தை பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஊதாக் கோட்டின் மேல் மெதுவாக பல்பின் அடியை வைத்தேன்.

எரியவில்லை. கொஞ்சம் தள்ளி வைத்தேன். எரியவில்லை. மையின் மேல் வைத்தேன், கருத்த தோலின் மேல் வைத்தேன், முழங்கையில் கூட வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

வெளியே கவிழ்த்துப் போட்ட தோணி மேல் என் கூட்டாளியும் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். "எரிஞ்சுதா?" என்று அத்தனை வாயும் ஒன்றாகக் கேட்டது.

"எரிஞ்சுது" என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர்கள் கண்கள் விரிந்த விரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "மொதல்ல செவப்பா, அப்பறம் மஞ்சளா எரிஞ்சுது. என் வெரலு சுட்டுச்சு" என்று மேலும் அளந்துவிட்டேன். விரலைக் கூடக் காட்டினேன். அதில் அவர்கள் சூட்டுக் காயத்தைப் பார்த்தும்விட்டார்கள்!

சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. அத்தை வீட்டுக் கோழி ஷாக் அடித்து விழுந்தது என்று ஒருத்தி சொன்னாள். அத்தை தொட்ட குடத்தைத் தொட்டதும் கை மரத்துப் போனது என்று இன்னொருத்தி சொன்னாள். எனக்கு ஒரே குஷி. என் பொய்க்குக் கை கால் முளைத்து ஊரில் நடமாடுவதைப் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் குஷி இரண்டு நாள்தான் நின்றது. மூன்றாம் நாள் காலை அத்தை ஒரு சின்னக் கூடையை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். நெத்திலி, அரைக் கூடை இருக்கும். அம்மா கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏம் பொண்ணு, கொஞ்சம் ஒரு கை குடு. கிள்ளை மட்டும் போயி வித்துட்டு வரேன். கால் பழகட்டும்."

அம்மா அசையவில்லை. இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "அண்ணி, தப்பா நெனக்காதீங்க. வயித்துல புள்ள இருக்கு. உங்க கையி பட்டு அதுக்கு எதனா ஆயிட்டா..."

"ஏன், என் கையில என்னா இருக்கு?"

"கரண்ட் இருக்காமே. பாப்பா பல்ப வெச்சி பாத்துச்சாம். எரிஞ்சிச்சாம். அவுரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு."

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். ஒரே ஒரு வாக்கியம், 'நான் சொன்னது பொய்' என்று சொல்லியிருந்தால் போதும். கதவை இன்னும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அப்பா உள்ளே இருந்தார். அவர் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

அத்தை அம்மா பக்கம் திரும்பினாள். "சரி பொண்ணு, நீ வண்டிய வுட்றாத. நானே தூக்கிக்கறேன்" என்றாள். வலது கையால் கூடையை முழங்காலில் ஏற்றினாள். இடது கை தோளோடு நின்றுவிட்டது. கூடை சரிந்தது. வாசலெல்லாம் நெத்திலி. காக்கைகள் எங்கிருந்துதான் வந்தனவோ. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நான் போய்ப் பொறுக்கவில்லை. இதை எழுதும்போது முகம் சுடுகிறது.

ஆனால் அன்று சாயங்காலம் கரியை எடுத்துக்கொண்டு போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அத்தை சுவரோடு நின்றிருந்தாள். "வந்துட்டியா? கோட்ட போடு" என்றாள். அன்றைக்கு ஏறியது மூன்று விரல்! ஒரே நாளில் அத்தனை அதற்கு முன் ஏறியதில்லை. கோபத்தில் ஏறியது அது. அதற்குப் பிறகு காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் என்று ஆக்கிவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் கூடையில் ஈர மணலை அள்ளிப் போட்டுத் தூக்கிப் பழகினாள். முதலில் ஒரு கை மணல், அப்புறம் இரண்டு, அப்புறம் ஒரு சட்டி. மாமா கடலிலிருந்து வந்ததும் அந்த மணலைத் தொட்டுப் பார்த்து, "நாளைக்கு இன்னும் ஒரு கை போடு" என்பார். ஊரே தள்ளி நின்றபோது அவர் மட்டும் அவள் தட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஷாக் அடித்ததாக அவர் ஒரு நாளும் சொல்லவில்லை.

மகத்துக்கு இரண்டு நாள் முன்னால் கம்பி இழுத்து முடித்தார்கள். முதல் விளக்கு அம்மன் கோயில் முகப்பில். பிள்ளைகள் தொடக்கூடாது என்று சுவிட்சை உயரத்தில், கோயில் சுவரில் அடித்திருந்தார்கள். அது கருப்புக் குமிழ் சுவிட்ச். மேலே இருப்பதைக் கீழே இழுத்தால் எரியும். நான் குதித்துப் பார்த்தேன். அத்தை வீட்டுக் கரிக்கோட்டை நான் குதித்தால் தொட்டுவிடுவேன். சுவிட்சுக்கு நாலு விரல் குறைந்தது. லைன்மேன் காதைத் திருகித் துரத்தினார்.

விளக்கு வைக்கிற நேரம். ஊரே கோயில் முன்னால் கூடியிருந்தது. தலை வாரி, பூ வைத்து, நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்கள். ஆபீசர், "ஊர்ல பெரியவங்க யாராவது வந்து போடுங்க" என்றார்.

ஊர்த் தலைவர் புயலிலேயே கடலுக்குள் போய் வந்தவர். ஆனால் நான்கு நாள் முன்பு கிள்ளையில் இரண்டு கம்பியிலும் சிறகு பட்ட காக்கை ஒன்று செத்து விழுந்ததை எல்லோரும் பார்த்திருந்தோம். "நம்ம கையி எப்பவும் ஈரக் கையி. பூசாரி போடட்டுமே" என்று அவர் பின்வாங்கினார். பூசாரி, "எனக்கு விரதம்" என்றார். என் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பாவுக்கு அப்போதுதான் பார்த்து இருமல் வந்தது. ஆபீசர் தானே போட்டுவிடலாம் என்று கையைத் தூக்கினார்.

அப்போது கூட்டத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. "ஒடம்புல கரண்ட் இருக்கறவள போடச் சொல்லுங்களேன். அவள ஒண்ணும் பண்ணாது."

எல்லோரும் திரும்பினோம். அத்தை கடைசியில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். அவளைச் சுற்றிலும் இரண்டு ஆள் இடம் விட்டே நின்றிருந்தார்கள். "ஆமாமா, அதான் சரி" என்று தலைவர் பெருமூச்சு விட்டார்.

ஆபீசருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா, ஒடம்புல கரண்ட்டா?"

"மெட்ராசுல வெச்சாங்க சார். இருவத்தஞ்சு நாளு."

அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சிரித்தார். "அட, அது எக்ஸ்ரே மாதிரிம்மா. அதெல்லாம் ஒடம்புல..."

"நீங்க சும்மா இருங்க சார்" என்றாள் அத்தை. குரல் அப்படி இருந்தது, அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் நடந்து வந்தாள். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. பழைய நடை! கூடைதான் இல்லை.

சுவர் முன்னால் போய் நின்று இடது கையைச் சுவரில் வைத்தாள்.

"சோத்தாங்கையால போடும்மா! அம்மன் எதுருல எடது கையா?" என்று பூசாரி பதறினார்.

அத்தை திரும்பாமலே பதில் சொன்னாள். "கரண்ட் வெச்சது இந்தப் பக்கந்தான் பூசாரி. சோத்தாங்கையில போட்டு நான் செத்தா நீ ஜவாப்தாரியா?"

பூசாரி அடங்கிவிட்டார். எனக்குத்தான் உயிரே போய்விட்டது. நாலு விரல் குறைகிறதே! அந்தக் கை எதுவரை ஏறும் என்று அத்தனை பேரிலும் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். வலது கையை நீட்டினால் ஒரு நொடியில் முடிந்துவிடும் வேலை. அவள் விரல்கள் சுவரில் ஏற ஆரம்பித்தன, எறும்பு மாதிரி, வீட்டில் ஏறுகிற மாதிரியே. தோள், காது, நெற்றி, உச்சி. எங்கள் கோடு வருகிற உயரத்தில் விரல் நின்றுவிட்டது. முந்தானையைப் பல்லில் கடித்தாள். குதிகால் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின.

"இன்னும் கொஞ்சம் அத்த!" என்று நான் கத்தினேன். "இன்னும் கொஞ்சம்!"

ஒரு விரல். இன்னொரு விரல். டக்!

அந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்வேன்! உங்களுக்குத் தெரியும், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். மண்ணெண்ணெய் விளக்கு மூக்கையும் கன்னத்தையும்தான் காட்டும். அன்றைக்கு முதன்முதலாக முழு முகமாகப் பார்த்தோம் ஒருவரை ஒருவர். தலைவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அப்பா கன்னத்தில் கண்ணீர் வழிந்தது அவருக்கே தெரியவில்லை. பிள்ளைகள் "ஓ"வென்று கத்தினோம். மேளக்காரர் யாரும் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்துவிட்டார். அத்தை கையை இறக்கவில்லை. அப்படியே மேலே வைத்துக்கொண்டு, அந்தக் கையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து போனாள். நேராகப் போய் அத்தையின் இடது கையைப் பிடித்து இறக்கி, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "ஐயோ, ஷாக்கு!" என்று யாரோ கத்தினார்கள். "அடிக்கல. ஒண்ணும் அடிக்கல" என்றாள் அம்மா அழுதுகொண்டே. அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? ஊர்ப் பெண்கள் எல்லாம் வரிசையில் வந்து அத்தையைத் தொட்டுப் பார்த்தார்கள். கைப்பிள்ளைகளைக் கூடத் தொடச் சொன்னார்கள், பயம் தெளியுமாம்!

மகம் முடிந்த மறுநாள் காலை எங்கள் வாசலில் இரண்டு கூடைகள் இருந்தன. கூடை நிறைய மடவை மீன். அம்மா குனிந்து அத்தையின் கூடையைப் பிடிக்கப் போனாள். "நகரு பொண்ணு, புள்ளத்தாச்சி" என்று அத்தை அவளை விலக்கினாள். முதலில் அம்மாவின் கூடையைத் தூக்கி அம்மா தலையில் வைத்தாள். அப்புறம் தன் கூடையை முழங்காலில் ஏற்றினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'ஹும்' என்று சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது இரண்டு பேரும் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து வருடம் தாண்டினால்தான் பிழைத்தாள் என்று அர்த்தம் என்று மெட்ராஸ் டாக்டர் சொல்லியிருந்தாராம். அத்தை அதற்கப்புறம் முப்பத்தைந்து வருடம் இருந்தாள். வருடா வருடம் மாமாவோடு மெட்ராசுக்குப் போய்க் காட்டிவிட்டு வருவாள். போவதற்கு முன்னால் ஒரு வாரம் எரிந்து எரிந்து விழுவாள், சோறு இறங்காது. திரும்பி வரும்போது கையில் பூந்திப் பொட்டலத்தோடு, "இந்த வருசமும் பாஸு" என்று சொல்லிக்கொண்டே வருவாள். ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ள இலவம்பஞ்சில் ஒரு திண்டு தைத்து வைத்திருந்தாள். துவைத்து வேலியில் காயப் போட்டிருந்ததை ஒரு நாள் காக்கை தூக்கிக்கொண்டு போய்விட்டது. "அடியே, என் மாரக் குடுத்துட்டுப் போடி" என்று கத்திக்கொண்டே அதன் பின்னால் ஓடினாள். நாங்கள் எல்லோரும் சிரித்துச் சிரித்து மணலில் விழுந்தோம், அவளும்தான். அந்தத் திண்டு கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை.

அம்மா வயிற்றில் கரண்ட் பயத்தோடு இருந்த தம்பி கல்லுக்குண்டு மாதிரி பிறந்தான். இன்றைக்கும் கரண்ட் என்றால் அவனுக்குப் பயம், ஃபியூஸ் போனால் அவன் பெண்டாட்டிதான் போட வேண்டும்.

ஒருத்தியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை என்றேனே, அந்த ஒருத்தி அத்தைதான். டீச்சர் டிரெயினிங்கில் சேரக் கடலூருக்குக் கிளம்புகிற அன்று, பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். மீன் செதில் உரசிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். "அத்த, அன்னைக்கு பல்பு எரியல. நான் பொய் சொன்னேன்."

அவள் உரசுவதை நிறுத்தவில்லை. "எரியலன்னு எனக்கு தெரியுமே."

"எப்பிடி?"

"நான் தூங்குனாதான? கண்ண இத்துனூண்டு தொறந்து வெச்சிகிட்டு நானுந்தான் பாத்துகிட்டு கெடந்தேன், எரியுதா எரியுதான்னு. மெட்ராசுல எல்லாரும் கதவ சாத்திகிட்டு வெளிய ஓடுனத பாத்ததுலேர்ந்து எனக்கும் பயந்தான். உன்ன பக்கத்துல படுக்க வெச்சிக்கலாமா, பொறக்கப் போற புள்ளைய தூக்கலாமா, யாரப் போயி கேக்கறது? நீ பல்ப வெச்ச. எரியல. அப்பாடான்னு இருந்துச்சு."

அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றுதான் கேட்டேன். "அப்ப பொய்யின்னு ஏன் அத்த சொல்லல? அம்மா கூடைய தொட மாட்டேன்னு நின்னாளே, அப்பக் கூடவா?"

"சொல்லியிருந்தா உங்கப்பன் உன் தோல உரிச்சிருப்பான்" என்றாள் அத்தை. மீனைத் திருப்பிப் போட்டாள். "அதுவுமில்லாம, எனக்கு தெனம் கோடு போட வந்தது நீ ஒருத்திதான்."

எங்கள் வீட்டுச் சுவரிலும் இப்போது கோடுகள் இருக்கின்றன, பென்சில் கோடுகள். என் வீட்டுக்காரர்தான் போடுகிறார், கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு. இன்றைய கோடு நேற்றையதைவிட ஒரு விரல் மேலே. எழுதிக்கொண்டே இருந்ததில் பொழுது சாய்ந்தது தெரியவில்லை, எழுத்தும் மங்குகிறது. எழுந்து போய் விளக்கைப் போட வேண்டும். இடது கையாலேயே போடப் போகிறேன்.